ஒற்றை எழுத்தில் ஒரு வேட்பாளர்: துப்பாக்கி அமைப்புகளின் மதிப்பெண் அட்டை எவ்வளவு தூரம் உதவும்?

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கும்போது, துப்பாக்கி உரிமைச் சங்கங்களில் உறுப்பினராக இருப்போரின் தபால் பெட்டிக்கு ஓர் அட்டை வரும். வேட்பாளரின் பெயர், பக்கத்தில் ஓர் எழுத்து. நேரமில்லாத வாக்காளருக்கு இதைவிடச் சுருக்கமாக எதையும் சொல்லிவிட முடியாது. என்ஆர்ஏ என்று எல்லோரும் அழைக்கும் தேசிய ரைஃபிள் சங்கம் 1871-இல் நியூயார்க்கில் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கியது. சட்டமன்றங்களில் வாதாட 1975-இல் தனிப்பிரிவு வந்தது. தேர்தலுக்கென்றே ‘பொலிட்டிகல் விக்டரி ஃபண்ட்’ என்ற நிதியம் 1976-இல் வந்தது. அந்த நிதியம் போடும் எழுத்துதான் இந்தக் கடைத்தெருவில் அதிகம் விலைபோகும் சரக்கு. மற்ற அமைப்புகள் அதற்குப் போட்டியாகவோ எதிராகவோ தங்கள் அட்டைகளை அச்சடிக்கின்றன.

துப்பாக்கி உரிமை சரியா தவறா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. அந்த எழுத்தை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, மாநில, உள்ளூர்த் தேர்தலில் வாக்களிப்பவருக்கு அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பார்க்கிறோம். எந்தத் தரப்பில் நிற்பவருக்கும் கணக்கு ஒன்றுதான்; ஒருவர் ஏ தேடுவார், இன்னொருவர் எஃப் தேடுவார்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். மாநிலச் சட்டமன்றத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று தவணை இருந்தவரை எடைபோட இது நல்ல கருவி. புதிதாக நிற்பவருக்குச் சுமார். ஷெரிஃப் (மாவட்ட அளவில் தேர்ந்தெடுக்கப்படும் சட்ட அமலாக்க அதிகாரி), அரசு வழக்கறிஞர், நீதிபதி, நகர மன்ற உறுப்பினர் என்று கீழே இறங்க இறங்க ஏறக்குறைய உபயோகமில்லை. வேடிக்கை என்னவென்றால், கையில் லைசென்ஸ் வருவதும், பூங்காவுக்குள் துப்பாக்கியோடு போகலாமா என்பதும் பல இடங்களில் அந்தக் கீழ்த்தட்டில்தான் முடிவாகின்றன.

எழுத்துகளைப் படிப்பது எப்படி

ஏ பிளஸ் சும்மா கிடைக்காது. முக்கியமான வாக்கெடுப்புகளில் சங்கத்தின் பக்கம் நின்றால் மட்டும் போதாது. தானாக இறங்கி மசோதாவுக்காக வேலை செய்தவருக்குத்தான் அது. ஏ என்றால் உறுதியான ஆதரவாளர். பி என்றால் பொதுவாக ஆதரவு, ஆனால் எங்கோ ஒரு கட்டுப்பாட்டுக்குக் கைதூக்கியிருப்பார். சி-யைத் தேர்ச்சி மதிப்பெண்ணாக எண்ண வேண்டாம் என்று சங்கத்தின் விளக்கக் குறிப்பே எச்சரிக்கிறது. டி, எஃப் இரண்டும் எதிர்முகாம்.

பலர் தடுக்கி விழுவது மற்ற இரண்டு குறிகளில். ஒன்று ஏக்யூ. அந்த ‘க்யூ’ கேள்வித்தாளைக் குறிக்கிறது. வேட்பாளர் இதுவரை எந்த அவையிலும் வாக்களித்ததில்லை. சங்கம் அனுப்பிய கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்ததை மட்டும் வைத்துப் போட்ட மதிப்பெண் இது. ஏட்டுச் சுரைக்காய். கேள்விகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பது தெரிந்தே இருப்பதால், ஜெயிக்க நினைப்பவர் ‘சரியான’ பதில்களை எழுதுவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. ஏக்யூ-வை ஏ-வுக்கு ஒரு படி கீழே என்று நினைப்பது தவறு. அது வேறு வகை: ஏ என்பது நடத்தை, ஏக்யூ என்பது வாக்குறுதி.

இன்னொன்று கேள்விக்குறி. கேள்வித்தாளுக்குப் பதில் தர மறுத்தவர் என்று அர்த்தம். இதை அலட்சியத்தின், பல நேரம் பகையின் அடையாளமாகவே சங்கம் எடுத்துக்கொள்கிறது. சட்டமன்றத்தில் பல ஆண்டு இருந்தவர் மௌனம் காத்தால் அந்த ஊகத்தில் நியாயம் உண்டு. முதல் முறை நிற்பவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு பிரசாரம் நடத்துகிறவருக்கு ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கம், வணிகச் சபை, மதக் குழுக்கள் என்று கேள்வித்தாள்கள் குவியும். எதையும் நிரப்புவதில்லை என்று கொள்கையாகவே வைத்திருக்கிற பிரசார மேலாளர்களும் உண்டு. கேள்விக்குறியைப் பார்த்தால் தீர்ப்பு எழுத வேண்டாம். நேரடியாகக் கேட்க வேண்டிய ஆள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் வேறு, ஆதரவு அறிவிப்பு வேறு. இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே தொகுதியில் பதவியில் இருப்பவர், எதிர்த்து நிற்பவர் இருவருமே ஏ வாங்கினால், சங்கத்தின் கொள்கைப்படி ஆதரவு பதவியில் இருப்பவருக்குத்தான் போகும். ஒத்துழைத்தவரைக் கைவிட்டால் அடுத்த முறை யாரும் நம்பிக் கைகொடுக்க மாட்டார்கள் என்பது அதன் தர்க்கம். பேரம் பேசுகிற அமைப்புக்கு அது சரி. இருவரில் யார் உறுதியானவர் என்று அறிய விரும்பும் வாக்காளருக்கு அந்த அறிவிப்பில் தகவல் எதுவும் இல்லை.

தேதியில்லாத எழுத்து

கருவியின் பெரிய பலவீனம் இதுதான். ஒரு மதிப்பெண் அது போடப்பட்ட நாள் வரைக்கும்தான் செல்லும். கர்ஸ்டன் ஜில்லிபிராண்ட் நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றக் கீழவைக்குப் போனபோது என்ஆர்ஏ-விடம் ஏ வைத்திருந்தார். 2009-இல் செனட்டுக்கு நியமிக்கப்பட்டதும் வாக்காளர் பரப்பு மாநிலம் முழுவதும் விரிந்தது. அடுத்த தேர்தலுக்குள் எஃப். மின்னசோட்டாவின் டிம் வால்ஸும் அப்படித்தான்: கீழவை உறுப்பினராக ஏ, 2018-இல் ஆளுநர் பதவிக்கு நின்றபோது எஃப். தொகுதி பெரிதானாலோ நகரம் உள்ளே வந்தாலோ எழுத்து நகரும். எனவே கவுன்ட்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) அளவிலான பதவியிலிருந்து மாநில அளவிலான பதவிக்குத் தாவுகிறவரின் பழைய மதிப்பெண்ணைத் தள்ளுபடி விலையில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்பாராத நிகழ்ச்சி இன்னும் வேகமாக நகர்த்தும். ஃபுளோரிடா ஆளுநர் ரிக் ஸ்காட் ஏ பிளஸ் வாங்கியவர். பார்க்லாண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, 2018 மார்ச் 9 அன்று, துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கி, ஆபத்தானவர் என்று கருதப்படுபவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவால் துப்பாக்கியைப் பெற்றுவைக்கும் ‘ரெட் ஃப்ளாக்’ முறையையும் கொண்டுவந்த சட்டத்தில் அவரே கையெழுத்திட்டார். அதே நாளில் என்ஆர்ஏ வழக்குப் போட்டது. தேர்தலுக்கு முன்பு அட்டையைப் பார்த்த எவருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அட்டையின் குற்றம் என்று சொல்ல முடியாதுதான், ஆனால் அட்டையின் எல்லை அது.

2018-இல் சங்கம் தன் வலைத்தளத்திலிருந்து பழைய ஆண்டுகளின் மதிப்பெண்களை எடுத்துவிட்டது. ஒருவர் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று பார்க்கவே பழைய மதிப்பெண் வேண்டும். அது இல்லாத ரேங்க் கார்டு பாதி ரேங்க் கார்டு. வோட் ஸ்மார்ட் போன்ற பொதுத் தொகுப்புகளில் பல அமைப்புகளின் மதிப்பீடுகள் ஆண்டுவாரியாக இருக்கின்றன. ஒப்பிட அங்கே போகலாம்.

கட்சிகள் இரண்டும் இந்த விஷயத்தில் எதிரெதிர்த் திசையில் போய்விட்டதால் இன்னொரு சிக்கல். பாதுகாப்பான குடியரசுக் கட்சித் தொகுதியின் ப்ரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், நாலு பேரும் ஏ அல்லது ஏக்யூ. ஜனநாயகக் கட்சி வலுவான பாஸ்டனைச் சுற்றிய தொகுதிகளில் திரும்பிய பக்கமெல்லாம் எஃப். யார் ஜெயிப்பார் என்பதை ப்ரைமரியே முடிவுசெய்யும் இடங்களில், எல்லோருக்கும் ஒரே எழுத்தைத் தரும் கருவி யாரையும் பிரித்துக் காட்டாது.

வராத ஓட்டும் ஓர் ஓட்டு

எழுத்து எதைப் பார்த்துப் போடப்படுகிறது? முக்கியமாக, பெயர்வாரியாகப் பதிவான வாக்கெடுப்புகளை. ஆனால் மாநில அவைகளில் பல சங்கதிகள் பெயர்வாரிப் பதிவுக்கு வெளியே முடிந்துவிடுகின்றன.

வட கரோலினாவில் கைத்துப்பாக்கி வாங்க ஷெரிஃபிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி 1919-லிருந்து இருந்தது. அதை நீக்கும் மசோதாவை ஆளுநர் ராய் கூப்பர் வீட்டோ செய்தார். வீட்டோவை முறியடிக்க வேண்டியது வந்திருந்து வாக்களிப்போரில் ஐந்தில் மூன்று பங்கு. 120 பேர் கொண்ட கீழவையில் குடியரசுக் கட்சிக்கு 71 இடம். எல்லோரும் வந்திருந்தால் 72 வேண்டும், ஒன்று குறைகிறது. 2023 மார்ச் 29 அன்று ஜனநாயகக் கட்சியினர் மூன்று பேர் அவையில் இல்லை. 71-க்கு 46. மொத்தம் 117 வாக்கு. அதில் ஐந்தில் மூன்று என்றால் 70.2. வீட்டோ முறிந்தது, நூறாண்டுக்கு மேல் இருந்த அனுமதி முறை அன்றைக்கே போனது. அந்த மூவரும் ஆதரித்து வாக்களிக்கவில்லை, எதிர்த்தும் வாக்களிக்கவில்லை. முடிவைத் தீர்மானித்தது அவர்களின் காலி நாற்காலிகள். இதை எந்த எழுத்தில் எழுதுவது? எந்தத் தரப்பு அட்டையை எடுத்தாலும், ‘வரவில்லை’ என்பதை அவர்கள் எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சில அட்டைகள் அதை எதிர் வாக்காகவே எண்ணும், சில விட்டுவிடும்.

விர்ஜினியா இன்னும் நல்ல பாடம். அங்கே மாநிலத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில். அதிபர் தேர்தலின் இரைச்சல் இல்லாததால் துப்பாக்கி விவகாரம் தனித்துக் கேட்கும். விர்ஜினியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து 2019 ஜூலை 9 அன்று சிறப்புக் கூட்டத்தொடர் கூடியது. சுமார் 90 நிமிடத்தில், ஒரு மசோதாவும் அவையில் வாக்கெடுப்புக்கு வராமல், தேர்தலுக்குப் பிந்தைய தேதிக்கு ஒத்திவைத்துக் கலைந்தது. அட்டை போடுகிறவருக்கு அன்று சரக்கு இல்லை. அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் பிடித்தது.

2020 பிப்ரவரியில் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் ஹெச்பி 961 கீழவையில் 51-48 என்று தேறியது. பிப்ரவரி 17 அன்று செனட் நீதிக் குழுவில் 10-5 வாக்கில் கிடப்பில் போடப்பட்டது. ஜனநாயகக் கட்சியினர் நால்வர் குடியரசுக் கட்சியினரோடு சேர்ந்தனர். செனட்டில் 40 பேர். அதில் 15 பேருக்குத்தான் இந்த மசோதாவில் வாக்குப் பதிவு உண்டு. மீதி 25 பேர் என்ன செய்திருப்பார்கள் என்பது அவர்கள் வாயால் சொன்னது மட்டுமே.

இதில் புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கிடப்பில் போடும் தீர்மானத்துக்கு ‘ஆம்’ என்றால் மசோதாவைக் கொல்லும் ஓட்டு. விர்ஜினியா ஆவணங்களில் ‘பாஸ் பை இன்டெஃபினிட்லி’ என்று இருந்தால் அதற்கு ‘ஆம்’ போட்டவர் மசோதாவுக்கு எதிரானவர்; ‘லே ஆன் த டேபிள்’ என்பதும் அதே ஜாதி. பெயருக்கு நேரே ‘ஆம்’ என்பதை மட்டும் பார்த்து ஆளைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் ஏராளம். முதலில் தீர்மானத்தின் பெயர், பிறகு ஓட்டு.

ஒரே ஓட்டு ஓர் அவையின் குழுத்தலைவர்களையே மாற்றும் என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. 2017 தேர்தலில் நியூபோர்ட் நியூஸின் 94-வது தொகுதியில் இருவருக்கும் தலா 11,608 வாக்குகள். 2018 ஜனவரி 4 அன்று பீங்கான் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்தார்கள். டேவிட் யான்சி ஜெயித்தார். அந்தச் சீட்டால் குடியரசுக் கட்சிக்கு 51-49. பெரும்பான்மைக் கட்சிதான் குழுக்களை அமைக்கும்; துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாக்கள் அடுத்த இரண்டு ஆண்டும் துணைக்குழுக்களைத் தாண்டவில்லை. சில நேரம் வேட்பாளரின் தனி மதிப்பெண்ணைவிட, அவர் ஜெயித்தால் எந்தக் கட்சி நாற்காலிகளைப் பங்கிடும் என்பது பெரிய தகவல். அட்டையில் அதற்கு இடமே இல்லை.

சங்கத்துக்குப் பிடிக்காத சட்டம் வந்த பிறகு உறுப்பினரைத் திருப்பி அழைக்கும் ‘ரீகால்’ தேர்தல் பற்றியும் ஒரு சொல். கொலராடோ 2013-இல் மேகசினுக்கு (துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் கூடு) 15 தோட்டா என்று வரம்பு வைத்தது, பின்னணிச் சோதனையை விரிவாக்கியது. செப்டம்பர் 10 அன்று செனட் தலைவர் ஜான் மோர்ஸும் ப்வெப்லோவின் ஆஞ்சலா கிரோனும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அங்கே ரீகாலுக்கு முந்தைய தேர்தலில் அந்தப் பதவிக்குப் பதிவான வாக்கில் 25 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து வேண்டும். 60 நாள் அவகாசம். மாற்று வேட்பாளர் மனுக்கான கெடு பற்றிய நீதிமன்றத் தீர்ப்பால் அந்த முறை தபால் வாக்குச்சீட்டு அனுப்ப முடியவில்லை. நேரில் வந்தவர்கள் மட்டும் முடிவுசெய்தார்கள். மூன்றாவதாக ஒருவரைத் திருப்பி அழைக்க மனு சுற்றத் தொடங்கியதும், அந்த மாநில செனட்டர் ஈவி ஹுடாக் நவம்பரில் ராஜினாமா செய்து இடத்தைக் கட்சிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வழிசெய்தார். மறு ஆண்டே ஜனநாயகக் கட்சி இரண்டு இடங்களையும் மீட்டது, 15 தோட்டா வரம்பும் அப்படியே நின்றது. ரீகால் ஆளை மாற்றும். சட்டத்தை மாற்ற அவையில் பெரும்பான்மை வேண்டும்.

உள்ளூரில் அட்டை கைவிடும் இடங்கள்

நகர மன்ற வேட்பாளரிடம் துப்பாக்கி பற்றிக் கேட்பதற்கு முன்பு, நகர மன்றத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1981-இல் இல்லினாயின் மார்ட்டன் க்ரோவ் கைத்துப்பாக்கியைத் தடைசெய்தது. மறு ஆண்டு ஜார்ஜியாவின் கென்னசா வீட்டுக்கொரு துப்பாக்கி கட்டாயம் என்று விதித்தது. ஊருக்கு ஒரு சட்டம் என்ற இந்த நிலையைத் தடுக்கத்தான், துப்பாக்கிச் சட்டம் மாநிலத்தின் கையில் மட்டுமே என்று சொல்லும் ‘ப்ரீஎம்ப்ஷன்’ சட்டங்களைப் பெரும்பாலான மாநிலங்கள் வைத்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் 2011 முதல் இதை மீறும் உள்ளூர் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதம், ஆளுநர் பதவிநீக்கவும் செய்யலாம். 2023-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. அங்கே ‘நான் ஜெயித்தால் ஊரில் துப்பாக்கியைத் தடைசெய்வேன்’ என்பதும் ‘ஊரில் துப்பாக்கித் தடையை வரவிடமாட்டேன்’ என்பதும் ஒரே அளவு வெற்றுப்பேச்சு.

கொலராடோவில் கதை மாறிவிட்டது. 2021-இல் பௌல்டர் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு மாநிலமே அந்தத் தடையைத் தளர்த்தி, மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான விதியை உள்ளூர் போடலாம் என்றது. விர்ஜினியாவும் 2020 ஜூலை 1 முதல் நகராட்சிக் கட்டடம், பூங்கா, அனுமதி பெற்ற பொது நிகழ்ச்சி ஆகியவற்றில் தடைவிதிக்கும் அதிகாரத்தை உள்ளூருக்குக் கொடுத்தது. இந்த இரண்டு மாநிலங்களிலும் நகர மன்ற ஓட்டு எடையுள்ளது, ஆனால் நகர மன்ற வேட்பாளருக்கு எழுத்து அநேகமாக இருக்காது.

ஷெரிஃப் பதவிக்கும் அப்படியே. பென்சில்வேனியாவில், ஃபிலடெல்ஃபியா தவிர, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸை ஷெரிஃப்தான் தருகிறார். விண்ணப்பத்தை 45 நாளுக்குள் முடிக்க வேண்டும், லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும். அங்கே ஷெரிஃப் வேட்பாளரிடம் ‘இரண்டாவது சட்டத்திருத்தத்தை (ஆயுதம் வைத்திருக்கும் உரிமை தரும் அரசியல் சட்டப் பகுதி) ஆதரிக்கிறீர்களா’ என்று கேட்டுப் பயனில்லை. இல்லை என்று யார் சொல்வார்? கவுன்ட்டர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், மாலையில் உண்டா, 45 நாள் தாண்டிய விண்ணப்பங்கள் எத்தனை என்று கேளுங்கள். விர்ஜினியாவில் அந்த அனுமதியைத் தருவது சர்க்யூட் நீதிமன்றம். அங்கே ஷெரிஃபிடம் இதையே கேட்டால் கேட்டவருக்குத்தான் விஷயம் தெரியவில்லை என்று ஆகும். விர்ஜினியாவின் ‘ரெட் ஃப்ளாக்’ உத்தரவுக்கு மனுச்செய்யக்கூடியவர்கள் அரசு வழக்கறிஞரும் போலீஸ் அதிகாரியும் மட்டுமே. ஆகவே அந்தச் சட்டம் உங்கள் கவுன்ட்டியில் உயிரோடு இருக்கிறதா என்பது, தேர்ந்தெடுக்கப்படும் காமன்வெல்த் அட்டர்னியையும் (அங்கே அரசு வழக்கறிஞருக்கு அந்தப் பெயர்) ஷெரிஃபையும் பொறுத்தது.

துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை எங்கள் எல்லைக்குள் அமல்படுத்த மாட்டோம் என்று சொல்லும் ‘சரணாலயக் கவுன்ட்டி’ தீர்மானங்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. 2019 முடிவில் விர்ஜினியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் அவற்றை நிறைவேற்றின. 2020 ஜனவரி 20 அன்று துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாக்களை எதிர்த்து மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் சுமார் 22,000 பேர் கூடினார்கள். தீர்மானங்களுக்குச் சட்டபலம் இல்லை என்று மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் கருத்துரைத்தார். ஓரிகனின் கொலம்பியா கவுன்ட்டி ஒரு படி மேலே போய் அதை உள்ளூர்ச் சட்டமாகவே ஆக்கியது. 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. ‘சரணாலயத் தீர்மானத்துக்கு வாக்களித்தேன்’ என்று துண்டுப்பிரசுரத்தில் போடும் கவுன்ட்டி உறுப்பினருக்கு அதற்காகத் தனி மதிப்பெண் வேண்டாம்.

அட்டர்னி ஜெனரல் பதவியைப் பலர் மேலோட்டமாகத் தாண்டிப் போகிறார்கள். 2015 டிசம்பரில் விர்ஜினியாவின் மார்க் ஹெர்ரிங், 25 மாநிலங்களின் லைசென்ஸுக்கு இனி அங்கீகாரம் இல்லை என்று அறிவித்தார். புதிய சட்டம் ஒன்றும் வரவில்லை. இருந்த சட்டத்தின் நிபந்தனைகளுக்கு அவர் கொடுத்த விளக்கம், அவ்வளவே. அடுத்த மாதம் ஆளுநரும் சட்டமன்றமும் பேரம் பேசி அதைத் திருப்பினார்கள். பக்கத்து மாநிலத்துக்குக் காரில் போகிறவருக்கு இதைவிட நேரடியான பதவி வேறில்லை.

நீதிபதிகள் விஷயத்தில் அட்டை முற்றிலும் ஊமை. வரப்போகும் வழக்கில் எப்படித் தீர்ப்பளிப்பேன் என்று வாக்குறுதி தருவதை நீதித்துறை நடத்தை விதிகள் தடுக்கின்றன, எனவே கேள்வித்தாளில் பிடி கிடைக்காது. ஆனால் எடை பயங்கரம். இல்லினாயின் 2023 தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் 4-3 என்று உறுதிசெய்தது. அது தேர்தலில் வென்று வரும் நீதிபதிகளின் மன்றம். பென்சில்வேனியாவில் ஃபிலடெல்ஃபியா தொடுத்த ப்ரீஎம்ப்ஷன் வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அங்கும் நீதிபதிகள் ஓட்டில் வருகிறவர்கள், பத்தாண்டுக்கு ஒரு முறை தொடரலாமா என்று ஆம்-இல்லை வாக்கெடுப்பு. நீதிபதி வேட்பாளரிடம் கருத்துக் கேட்பதைவிட, முன்பு கீழ்நீதிமன்றத்தில் எழுதிய தீர்ப்புகளைத் தேடுவது மேல்.

மற்றக் கடைகள்

‘கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா’, 1976-இல் கலிஃபோர்னியா மாநில செனட்டர் ஹெச். எல். ரிச்சர்ட்சன் தொடங்கியது. என்ஆர்ஏ-வைவிடக் கறார், சமரசத்துக்கு இடம் தராது. ஒரே ஆளுக்கு இரண்டு அமைப்பும் வேறுவேறு எழுத்துத் தருவது சகஜம், அந்த வித்தியாசத்தைத்தான் பயனுள்ள தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஏ வாங்கிய ப்ரைமரியில் பிரித்துக்காட்ட இதுவே வசதி. கொலராடோவின் ‘ராக்கி மவுண்டன் கன் ஓனர்ஸ்’ இன்னும் ஒரு படி: சொந்தக் கட்சிக்காரரையே ப்ரைமரியில் குறிவைக்கும். அதன் பாராட்டையும் திட்டையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம். சின்னத் திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டவரும் துரோகி ஆகிவிடுவார். 1994-இல் தொடங்கிய ‘விர்ஜினியா சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக்’ போன்ற மாநில அமைப்புகள்தான் நம் பார்வையில் மேல். மசோதா எண், துணைக்குழு, கூட்ட நேரம் என்று கைக்கெட்டும் விவரத்தோடு எழுதுகிறார்கள். தேசிய அமைப்பு 50 மாநிலத்தையும் பார்க்க வேண்டும், இவர்கள் ஒன்றை மட்டும் பார்க்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் எவ்ரிடவுன் அமைப்பின் ‘கன் சென்ஸ் கேண்டிடேட்’ முத்திரை. இது எழுத்து வரிசை கிடையாது. உண்டு அல்லது இல்லை. கேள்வித்தாளை வைத்துத் தருவதால் ஏக்யூ-வின் குறை இதற்கும் உண்டு. ஒரே தொகுதியில் பலருக்குக் கிடைக்கலாம் என்பதால் ப்ரைமரியில் பிரித்துக்காட்டாது. ஆதரவு அறிவிப்பு தனி.

எந்த அட்டையிலும் கடைசி வரியைப் படியுங்கள்: யார் காசு என்று இருக்கும். வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரும் தொண்டு நிறுவனம் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. அதன் வழிகாட்டியில் ‘இவருக்குப் போடுங்கள்’ என்று இருக்க முடியாது. 501(சி)(4) அமைப்பும் அரசியல் நிதியமும் சொல்லலாம். கல்வி வழிகாட்டி என்ற பெயரில் வந்தால் கேள்விகளின் தேர்விலேயே சாய்வு ஒளிந்திருக்கும். நேராகப் ‘போடுங்கள்’ என்று சொல்லும் அட்டை அந்த வகையில் நேர்மையானது.

எப்படிப் பயன்படுத்துவது

கவுன்ட்டித் தேர்தல் அலுவலகத் தளத்திலிருந்து மாதிரி வாக்குச்சீட்டை முதலில் எடுங்கள். அட்டையிலிருந்து தொடங்கினால் அட்டையில் இல்லாத பதவிகள் கண்ணிலேயே படாது. பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் கட்சியில் பதிவுசெய்தவர் மட்டுமே அந்தக் கட்சியின் ப்ரைமரியில் வாக்களிக்கலாம். பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாள் முன்பு. அட்டை அதற்குப் பிறகு வந்து சேர்ந்தால் அலங்காரப் பொருள்.

சட்டமன்ற வேட்பாளருக்கு, எழுத்தையும் அது எந்த ஆண்டுக்கானது என்பதையும் குறியுங்கள். பிறகு மாநிலச் சட்டமன்றத் தளத்தில் அல்லது மாநில மசோதாக்களைத் தொகுக்கும் லெஜிஸ்கேன் தளத்தில் இரண்டு மசோதா எண்ணை மட்டும் திறங்கள், ஒன்று தேறியது, ஒன்று குழுவில் செத்தது. வரலாறு என்ற பகுதியில் குழு வாக்கெடுப்பும் இருக்கும். திருத்தப்பட்ட கடைசி வடிவத்தைப் பாருங்கள். முதல் வடிவத்தை எதிர்த்தவர் திருத்திய வடிவத்தை ஆதரித்திருக்கலாம், அதற்கு அட்டை ஒரே எழுத்துப் போட்டிருக்கும். வராதவர் பட்டியலில் பெயர் இருந்தால், அன்று மற்ற மசோதாக்களுக்கு வந்திருந்தாரா என்று அதே தேதியில் இன்னொரு வாக்கெடுப்பைத் திறந்தால் போதும். காய்ச்சலா கணக்கா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உள்ளூர்ப் பதவிக்கு அட்டையை மடித்து வைத்துவிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரே கேள்வி, அந்தப் பதவியால் செய்யக்கூடிய ஒன்றைப் பற்றி, ஆம் இல்லை என்று பதில் வரும்படி. நகர மன்றத்துக்கு: நகரப் பூங்காக்களில் தடை கொண்டுவந்தால் வாக்கு எந்தப் பக்கம்? அட்டர்னி ஜெனரலுக்கு: இப்போது அங்கீகரிக்கப்படும் வெளிமாநில லைசென்ஸ்களில் எதையாவது மறுபரிசீலனை செய்வீர்களா? ‘பொறுப்பான உரிமையாளர்களை மதிக்கிறேன்’ என்று பதில் வந்தால், அதே கேள்வியை இன்னொரு முறை அனுப்புங்கள். அதற்கும் அதே வாக்கியம் திரும்பி வந்தால் உங்கள் தாளில் அவருக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளலாம். அது நீங்களே கேட்டு வாங்கியது.